அரிசி ஆலைக்கு ஆள் தயாரிப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஆலைத் தொழில் என்றவுடன், மேற்கே திருவெறும்பூர், துவாக்குடி வட்டாரப் பட்டறைகளும், கிழக்கே தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் பரவியுள்ள அரிசி ஆலைகளும் நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டுக்கும் வேண்டிய ஆட்கள் வேறு வேறு. நம் தொழிற்பயிற்சி நிலையங்களோ இரண்டுக்கும் ஒரே அச்சில் ஆள் வார்க்கின்றன.

பெல் எனப்படும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றி வளர்ந்த பட்டறைகளின் தேவை தெளிவானது. உயர் அழுத்தக் குழாய்களை இணைக்கும் வெல்டர், கொதிகலன் விதிகளின்படி தேர்வில் தேறியவராக இருக்க வேண்டும். 45 பாகை சாய்வில் பொருத்திய குழாயை, திருப்பாமல், சுற்றிலும் பற்றவைக்கும் கைப்பழக்கம் ஓராண்டுப் படிப்பில் எளிதில் வந்துவிடாது. எலெக்ட்ரோடையும் குழாய்த் துண்டையும் தாராளமாகச் செலவழித்தால்தான் வரும். பட்டறைகளில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் பக்கத்துப் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினாலே மாணவர்களின் கை ஓரளவு படிந்துவிடும்.

அரிசி ஆலையில்தான் சிக்கல் பெரிது. உமியில் எரியும் கொதிகலன், நெல் அவிக்கும் தொட்டி, உலர்த்தி, உமி நீக்கும் ரப்பர் உருளை, நெல்லை வாளிகளில் மேலேற்றும் எலிவேட்டர், கேமரா பார்த்துக் காற்றால் கருத்துப்போன அரிசியைத் தள்ளிவிடும் சார்டெக்ஸ் ஆகிய அனைத்தும் ஒரே கூரையின் கீழ் ஓடுகின்றன. நள்ளிரவில் எலிவேட்டர் நின்றால், கோளாறு பெல்ட்டிலா, பேரிங்கிலா, மோட்டாரிலா, மின்சாரப் பேனலிலா என்று கண்டுபிடிக்க ஒருவரே இருப்பார். ஆனால் ஃபிட்டர் படித்தவர் பேனலைத் திறக்கத் தயங்குகிறார்; எலெக்ட்ரீஷியன் பேரிங்கைக் கழற்றியதில்லை. தமிழ்நாட்டில் 71 அரசுப் பயிற்சி நிலையங்களுக்கு ரோபோ முதலிய நவீன இயந்திரங்கள் வந்துள்ளதை வரவேற்கிறேன். எனினும் நம் ஊர் ஆலைக்காரர் கேட்பது, இரண்டு பிரிவையும் தொட்டுப் பார்த்த ஒரு கையைத்தான்.

குறை ஆலைக்காரர்களிடமும் உண்டு. தொழில் பழகுநர், அதாவது அப்ரண்டிஸ், சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பத்துக்கு உரியது. சிறிய ஆலைகள் பல இந்த இரண்டாம் வகையில் அடங்குவதால் ஒதுங்கிக்கொள்கின்றன. சேர்க்கும் சிலரும் பழகுநரை மூட்டை எண்ண வைக்கிறார்கள். அப்படிப் பழகியவர் ஆறே மாதத்தில் திருப்பூருக்குப் பேருந்து ஏறினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே என் கோரிக்கை காலத்தைப் பற்றியது. சம்பா அறுவடை முடிந்து, தை, மாசி மாதங்களில் ஆலை மூச்சுவிடாமல் ஓடும்போது மாணவருக்குக் கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரமிருக்காது. வரத்துக் குறைந்து, ஆலையை நிறுத்திப் பராமரிப்பு பார்க்கும் வாரங்களில்தான் எலிவேட்டரின் வாளிகள் கழற்றப்படுகின்றன, கொதிகலனின் குழாய்கள் துலக்கப்படுகின்றன. ஃபிட்டர் மாணவர் ஒருவரையும் எலெக்ட்ரீஷியன் மாணவர் ஒருவரையும் இணையாக அந்த வாரங்களில் அனுப்பலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. பயிற்சி நிலைய முதல்வரும் வட்டார ஆலை உரிமையாளர்களும் ஆண்டுத் தொடக்கத்தில் அமர்ந்து நாள் குறித்தால் போதும்.

வணக்கம்.