ஒல்லிக்கும் மூச்சு வாங்கும்

நேயர்களுக்கு வணக்கம். "நீயே குச்சி மாதிரி இருக்க, உனக்கு எதுக்கும்மா நடைப்பயிற்சி?" ஒல்லியான பெண்கள் அநேகமாக எல்லோரும் கேட்டுச் சலித்த கேள்வி இது. 28 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த எனக்கு இதைக் கேட்டால் இன்றும் மனம் பொறுக்காது.

என் மாணவி ஒருத்தி 41 கிலோ. நன்றாகச் சாப்பிடுவாள், உடம்பில் ஒட்டாது. மாதவிலக்கு சரியாக வரும், மருத்துவர் பார்த்ததிலும் ஒரு குறையும் இல்லை. பரம்பரை வாகு, அவ்வளவுதான். "ஓடினா இன்னும் இளைச்சிடுவா டீச்சர்" என்று அவள் அம்மா விளையாட்டு வகுப்புக்கே விடவில்லை. மூன்றாவது மாடி ஏறுவதற்குள் அந்தப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைவிடப் பருமனான தோழியோ, தினமும் தெருக்குழாயில் தண்ணீர் சுமந்து பழகியவள், பேசிக்கொண்டே ஏறிப் போவாள். எடை வேறு, மூச்சு வேறு என்று எனக்குப் புரியவைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

தண்ணீர்க் குடம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கென்யாவில் லுவோ பெண்கள் தலையில் சுமை தூக்குவார்கள். கிகூயூ பெண்கள் நெற்றியில் பட்டை கட்டி முதுகில் சுமப்பார்கள். அவர்களை நடக்கவைத்து, எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்த ஆய்வு 1986-ல் வெளிவந்தது. உடல் எடையில் 20 சதவீதம் வரை சுமந்தபோது, வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதலாக ஒன்றும் செலவாகவில்லை! அதற்கு மேல் போனால்தான் செலவு ஏறியது. காரணம் நடை. நடக்கும்போது நம் உடம்பு ஊஞ்சல் போல ஏறி இறங்குகிறது. இறங்கும்போது கிடைக்கும் விசையில் கொஞ்சம் அடுத்த அடிக்கு உதவும், மீதி வீணாகும். சுமையோடு நடக்கையில் அந்தப் பெண்கள் வீணாக்கியது குறைவு. பின்னால் தென்னாப்பிரிக்காவில் பார்த்தபோது எல்லாப் பெண்களிடமும் இது தெரியவில்லை, ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபட்டது. ஆக, சிக்கன நடை ஒல்லியாக இருப்பதால் தானாக வந்துவிடுவதில்லை.

சரி, 20 சதவீதம் என்றேன் அல்லவா? 45 கிலோ பெண்ணுக்கு அது 9 கிலோ. 70 கிலோ பெண்ணுக்கு 14. வீட்டில் உள்ள குடமோ இருவருக்கும் ஒன்றுதான். தண்ணீர் நிறைந்தால் 15 கிலோ வரும். குடம் ஒல்லிக்கென்று எடை குறையாது. சும்மா நடக்கையில் ஒல்லிக்குச் சௌகரியம், சுமப்பது தன் உடம்பை மட்டும்தானே. குடத்தையோ குழந்தையையோ தூக்கினால்தான் இதயமும் நுரையீரலும் தசையும் எவ்வளவு பழகியிருக்கின்றன என்பது வெளியே வரும். அதனால்தான் மறுபடியும் சொல்கிறேன், எடை வேறு, மூச்சு வேறு.

"ஓடினால் இளைத்துவிடுவாள்" என்ற பயத்துக்கும் வருகிறேன். ஒரு கிலோமீட்டர் ஓட, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 41 கிலோ பெண் 2 கிலோமீட்டர் ஓடினால் 80 கலோரி சொச்சம். ஒரு வாழைப்பழம் ஈடுகட்டிவிடும். ஓடியபின் பசித்தால் கூட ஒரு இட்லி வையுங்கள் அம்மா, ஓட விடாமல் மட்டும் இருக்காதீர்கள்.

எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவில் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். இரண்டே விஷயம். அதிகமாக மூச்சு வாங்கினால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இன்னொன்று எலும்பு. ஒல்லியானவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் நடையோடு நிறுத்தாமல், வாரம் இரண்டு நாள் சுமை தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள். தண்ணீர் நிரப்பிய இரண்டு பாட்டில்கள் போதும், நாளைக்கே தொடங்கலாம். வணக்கம்.