‘அது’ வந்ததா, ‘அவர்’ வந்தாரா?

நேயர்களுக்கு வணக்கம்.

31 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருநாள் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் பார்த்து, ‘ஏண்டா, நீ என்ன மெண்டலா?’ என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. மதிய இடைவேளையில் தனியாக வந்தான். ‘எங்க அம்மா மனநல ஆஸ்பத்திரியில மாத்திரை வாங்குறாங்க சார். நேத்து ராத்திரி அவங்க தூங்கவே இல்ல. அதான் எழுதல’ என்றான். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பை அவன் காதிலிருந்து எடுக்க என்னால் முடியாதே.

அன்று ராத்திரி, நான் புழங்கும் இப்படிப்பட்ட சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பைத்தியம், லூசு, மெண்டல், குருடு, செவிடு, நொண்டி. எல்லாமே மனிதர்களைச் சொல்பவைதான். ஆனால் வினை எப்படி முடிகிறது பாருங்கள். ‘பைத்தியம் நிக்குது’, ‘குருடு வருது’. மக்களை உயர்திணை என்று வகுத்த மொழி நம்முடையது. அந்தத் திணையிலிருந்து ஒரு மனிதரை இறக்கிவிட ஒரே ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. மனிதரைக் குறித்தாலும் அஃறிணையாக முடியும் சொற்களின் பட்டியல். குழந்தையைச் சொல்லும் ‘குழவி’ அதில் இருக்கிறது, அரசரைச் சொல்லும் ‘அரசு’ இருக்கிறது, காதலால் சொல்லும் சொல்லும் இருக்கிறது. ‘என் செல்லம் தூங்குது’ என்கிறோமே, அந்த வகை. அதே பட்டியலில் உடற்குறையைச் சொல்லும் ‘உறுப்பின் கிளவி’யும், கோபத்தில் வரும் ‘செறற்சொல்’லும் இருக்கின்றன. கொஞ்சுவதற்கும் வைவதற்கும் ஒரே வாசல்! இந்த நூற்பாவைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். ‘குருடு வந்தது’ என்று எடுத்துக்காட்டும் சொல்லியிருக்கிறேன். எதிரே யாருடைய பிள்ளை உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்ததே இல்லை.

நல்ல சொல்கூட எப்படிக் கெடுகிறது என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு ஒரு கீழ்ப்பாக்கம் போதும். அங்கே இருக்கும் மனநல மருத்துவமனையின் தொடக்கம் 1794. வெள்ளைக்காரர்கள் அதை ‘லூனாடிக் அசைலம்’ என்றார்கள். 1922இல் ‘மென்டல் ஹாஸ்பிடல்’ ஆனது. மரியாதையாக இருக்கட்டும் என்றுதான் மாற்றினார்கள். அந்த ‘மென்டல்’தான் தெருவில் இறங்கி, வசவாகி, கடைசியில் என் வாய்க்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று ஊர்ப்பெயரே வசவாகிவிட்டது. ‘பைத்தியம்’ மட்டும் என்ன? பித்தம் மிகுந்தால் புத்தி தடுமாறும் என்று வைத்தியர்கள் நம்பிய காலத்துச் சொல் அது.

‘புதுச் சொல்லும் நாளைக்குக் கெடத்தானே போகிறது, எதற்கு மாற்றணும்?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வேட்டி நாளைக்கு அழுக்காகும் என்று யாரும் துவைக்காமல் இருப்பதில்லை என்பேன். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறு. பார்வையற்றவர், மாற்றுத்திறனாளி, திருநங்கை, மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிப் பாருங்கள். ‘வந்தார்’ என்று தானாக முடியும். ‘வந்தது’ என்று முடிக்க நாக்கு கூசும்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களைச் சொல் கொல்லவில்லை, தெரியும். ஆனால் ‘அவரைக் கட்டிப்போடு’ என்று சொல்வதற்கு வாய் தயங்கும். ‘அதைக் கட்டிப்போடு’ என்பதற்குத் தயங்காது.

எங்கள் தெருமுனை டீக்கடைக்குத் தினமும் ஒருவர் வருவார். தனக்குள் பேசிக்கொண்டே நிற்பார். கடைக்காரர் காசு வாங்காமல் டீயும் பன்னும் கொடுப்பார். ‘அது பாட்டுக்கு வரும், குடிச்சிட்டுப் போகும் சார்’ என்பார். இவரைப் போய்த் திருத்துவதா? சொல்லைப் பார்த்துப் பார்த்துப் பேசும் நான், அந்த மனிதருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை. ‘அவர் பேர் என்ன?’ என்று மட்டும் கேட்டேன். கடைக்காரருக்கும் தெரியவில்லை. அடுத்த வாரம் போனபோது கேட்டு வைத்திருந்தார்.

இப்போதெல்லாம் அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர் டீ மாஸ்டரிடம் திரும்பிச் சொல்கிறார்: ‘அண்ணன் வந்துட்டார். அவருக்குச் சர்க்கரை கம்மியா போடு.’

நன்றி, வணக்கம்.