சொல்லத் தெரியாததும் இரசனையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, உட்துறைமுக வீதிக் காற்றை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்குள் வந்து அமர்ந்திருக்கும் திருகோணமலைப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தெரியாமலேயே அனிமே என்னும் ஜப்பானிய அசைவோவியப் படைப்புகளிலும் மங்கா என்னும் ஜப்பானியச் சித்திரக்கதைகளிலும் சிலவற்றை விரும்புவது இரசனை ஆகுமா, ஆகாதா என்பது இன்றைய வழக்கு. ஆகும் என்பது எங்கள் அணியின் வாதம். ஆகாது என்று சற்று முன்னர் முழங்கிய எதிரணித் தலைவர், காரணம் சொல்லத் தெரியாதவர் இரசிகர் அல்லர், பழக்கத்தாலோ கூட்டத்தாலோ இழுத்துச் செல்லப்படுபவர் என்றார். அவரை அடுத்துப் பேசிய சகோதரி, உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் நான்கு, ஆக முப்பத்திரண்டு என்று தொல்காப்பியர் வகுத்துத் தந்த மரபில் பிறந்துவிட்டு, “என்னவோ பிடிக்கிறது” என்று சொல்வது வெட்கக்கேடு என்றார். தலைவரின் குற்றச்சாட்டு கனமானது; அதற்கு விடை சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன். சகோதரியின் குற்றச்சாட்டுக்கு விடை அவர் எடுத்துக்காட்டிய நூலிலேயே இருக்கிறது. அதைப் பிறகு எடுத்து வைக்கிறேன்.

ஹயாவோ மியாசாகி இயக்கி 2001இல் வெளிவந்து, 2003இல் ஒஸ்கார் விருதும் பெற்ற ‘ஸ்பிரிட்டட் அவே’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தாயும் தந்தையும் பன்றிகளாகிவிட, ஆவிகள் வந்து நீராடும் விடுதியொன்றில் வேலைக்கு அமர்ந்த பத்து வயதுச் சிறுமி சிஹிரோ, கதையின் நெருக்கடியான கட்டத்தில், நீர் மூடிய தண்டவாளத்தின் மீது ஓடும் ரயிலில் ஏறி அமர்கிறாள். அதன்பின் சில நிமிடங்களுக்கு எதுவுமே நடப்பதில்லை. நிழலுருவான பயணிகள் தத்தம் தரிப்பிடங்களில் இறங்கிப் போகிறார்கள், யன்னலுக்கு வெளியே நீரும் வானமும் மட்டும் தெரிகின்றன, பொழுது இருட்டுகிறது. சண்டை இல்லை, பேச்சு அநேகமாக இல்லை, கதையும் நகரவில்லை. ஆயினும் அந்தப் படத்தில் மனத்தை விட்டு அகலாத இடம் எது என்று கேட்டால், இந்த ரயிலைச் சொல்பவர்களை நான் திரும்பத் திரும்பச் சந்தித்திருக்கிறேன். ஏன் என்று மறுகேள்வி கேட்டால் அவர்கள் தடுமாறுகிறார்கள்.

நமது மாவட்டத்தில் அந்தத் தடுமாற்றத்துக்கு உடனே ஒரு விடை தயாராகிவிடும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, பாதை என்று நாம் அழைக்கும் மிதவையில் ஏறி நின்று, நீரைப் பார்த்துக்கொண்டே அக்கரை சேர்ந்த மக்கள் நாம். ஆகவே நீரின் மேல் செல்லும் அந்த ரயில் நமக்குப் பிடித்துப்போயிற்று என்று ஒருவர் சொல்லிவிடுவார். எவ்வளவு பொருத்தமான காரணம்! எதிரணி இதைக் கேட்டால் நூற்றுக்கு நூறு புள்ளி போடும். ஆனால் பாலம் திறந்த பின்னர் பிறந்த பிள்ளைகளுக்கும் அந்தக் காட்சி பிடிக்கிறது. கடலை அன்றாடம் காணாத நுவரெலியாக்காரருக்கும் பிடிக்கிறது. பாதையிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்த என் பெரியப்பாவோ, அந்தக் காட்சி வந்ததும் தேநீர் போட எழுந்து போய்விட்டார். பொருத்தமாகத் தோன்றும் காரணம் வேறு, உண்மையில் வேலை செய்த காரணம் வேறு என்பதை எதிரணியினர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் அந்த உண்மையான காரணத்தைத் தேடுங்கள் என்று அவர்கள் சொல்வார்கள். தேடியவர்கள் இருக்கிறார்கள், பலவற்றைக் கண்டும் இருக்கிறார்கள், அதை மறைக்கும் தேவை எங்களுக்கு இல்லை. 2002இல் அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபேர்ட் மியாசாகியிடம் இத்தகைய அமைதியான கணங்களைப் பற்றிக் கேட்டபோது, அவர் கைகளைச் சில தடவை தட்டிக் காட்டி, ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் இடையில் இருக்கும் வெறுமையையே தாம் வேண்டுமென்று வைப்பதாக விளக்கினார். சித்திரக்கதைகளை ஆராய்ந்த ஸ்கொட் மெக்லவுட் 1993இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கச் சித்திரக்கதையில் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் பெரும்பாலும் செயலே நகர்கிறது என்றும், மங்காவிலோ காலம் நகராமல் ஒரே இடத்தின் வெவ்வேறு கூறுகளைக் கண் மட்டும் சுற்றிவரும் கட்டங்கள் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு என்றும் எண்ணிக் காட்டினார். சட்டியில் கொதிக்கும் நீர், யன்னல், ஒரு கை, மழை என்று போகும் அந்தக் கட்டங்களில் வாசகர் எதற்காகவும் காத்திருப்பதில்லை. அங்கே சும்மா இருக்கிறார்.

இதற்குப் பின்னால் பணக்கதையும் உண்டு. மங்கா ஓவியர் ஒசாமு தெசுக்கா 1963ஆம் ஆண்டின் முதல் நாளில் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த ‘அஸ்ட்ரோ போய்’ தொடருக்குக் காசும் போதவில்லை, நேரமும் போதவில்லை. விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படச்சுருளில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தினால் எட்டு ஓவியங்களோடு வேலை முடியும். வாயை மட்டும் அசைத்தால் முகத்தை மீண்டும் வரைய வேண்டியதில்லை. வானத்தைக் காட்டினால் எதையுமே அசைக்க வேண்டியதில்லை. சிக்கனத்தால் வந்த அசைவின்மையைப் பின்வந்தவர்கள் கலையாக்கினார்கள். 1995இல் தொடங்கிய ‘நியோன் ஜெனசிஸ் எவாஞ்செலியன்’ தொடரில் இரண்டு சிறுமியர் மின்தூக்கிக்குள் பேசாமல் நிற்கும் ஓவியம் ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடம் அசையாமல் திரையில் நிற்கும். பார்ப்பவரின் மூச்சுத்தான் அங்கே அசையும்.

“பார்த்தீர்களா, இவ்வளவு காரணத்தையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்” என்று எதிரணித் தலைவர் புன்னகைக்கிறார். பொறுங்கள் ஐயா. இதே உத்திகளைக் கையாளும் எத்தனையோ மங்காக்களை நான் மூன்றாம் பக்கத்திலேயே மூடி வைத்திருக்கிறேன். அமைதி அங்கேயும் இருந்தது, வெறுமை அங்கேயும் இருந்தது, மழையும் யன்னலும்கூட இருந்தன. உத்தியைப் பற்றிய அறிவு ஒரு படைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லும். இத்தனை படைப்புகளுக்குள் இந்த ஒன்று மாத்திரம் ஏன் என்னைப் பிடித்துக்கொண்டது என்பதைச் சொல்லாது. நமது வழக்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

இனி, காரணம் சொல்பவரே இரசிகர் என்ற அவரது அடிப்படைக்கு வருகிறேன். அமெரிக்க உளவியலாளர்களான ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமதி வில்சனும் 1977இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு பரிசோதனையைக் குறிப்பிடுகிறார்கள். கடையொன்றில் நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களிடம் கேட்டார்கள். வலக்கோடியில் இருந்ததை 40 சதவீதத்தினர் தெரிவுசெய்தார்கள். இடக்கோடியில் இருந்ததைத் தெரிவுசெய்தவர்கள் 12 சதவீதத்தினர் மாத்திரமே. காரணம் கேட்டபோது நெசவு, மென்மை, நேர்த்தி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள். உண்மையில் நான்கு சோடியும் ஒன்றே. வைக்கப்பட்டிருந்த இடம் உங்கள் தெரிவைப் பாதித்ததா என்று வெளிப்படையாகக் கேட்டபோதும் அநேகமாக எல்லோரும் இல்லை என்றே மறுத்தார்கள். எதிரணித் தலைவரின் அளவுகோலின்படி பார்த்தால், இல்லாத நெசவு வேற்றுமையைச் சரளமாக விவரித்த அவர்கள் அனைவரும் சிறந்த இரசிகர்கள். “தெரியவில்லை, என்னவோ இது பிடித்தது” என்று ஒருவர் சொல்லியிருந்தால், அன்று அந்தக் கடையில் உண்மை பேசியவர் அவர் ஒருவராகவே இருந்திருப்பார்.

காரணம் தேடுவதால் ஏற்படும் நட்டமும் ஆராயப்பட்டிருக்கிறது. அதே வில்சன் 1993இல் வேறு சிலரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சுவரொட்டிகளில் ஒன்றைத் தெரிவுசெய்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்று விடப்பட்டார்கள். புகழ்பெற்ற ஓவியங்களும் இருந்தன, வேடிக்கைப் படங்களும் இருந்தன. ஒரு பகுதியினர் மட்டும் ஒவ்வொன்றும் ஏன் பிடிக்கிறது, ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிய பிறகே தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. அவ்வாறு எழுதியவர்கள் வேடிக்கைப் படங்களின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். சில வாரங்களின் பின்னர் விசாரித்தபோது, காரணம் எழுதாதவர்களைவிடத் தமது தெரிவில் குறைவான திருப்தியோடு இருந்தவர்களும் அவர்களே. எளிதில் சொல்லக்கூடிய காரணம் எந்தப் படத்துக்கு வாய்த்ததோ, அந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பழக்கம் என்ற குற்றச்சாட்டிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்பதே அதன்மேல் விருப்பத்தைக் கூட்டும் என்று உளவியலாளர் ரொபர்ட் சயன்ஸ் 1968இலேயே காட்டிவிட்டார். சிறுவயதில் தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டு வந்த சின்சானை நாம் விரும்பியதில் பழக்கத்தின் பங்கு பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் மட்டுமே வேலை செய்திருந்தால், பழகியதற்கு நேர் எதிரான படைப்பு ஒன்று நம்மை ஆட்கொள்ள முடியாது. ஹிதோஷி அஷினானோ 1994 முதல் 2006 வரை வரைந்த ‘யொகொஹாமா கைடாஷி கிகோ’ என்ற மங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்மட்டம் ஏறி, ஊர்களும் வீதிகளும் மெல்ல மூழ்கிக்கொண்டிருக்கும் உலகம் அது. அதிலே அல்பா என்ற ரோபோப் பெண், வாடிக்கையாளர் அரிதாகவே வந்துபோகும் கோப்பிக்கடை ஒன்றைத் தனியாக நடத்துகிறாள். மோதல் இல்லை, வில்லன் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதியைக் கண்ட கரை நமது கரை. கடல் ஏறி ஊரை மூடும் கதை நமக்கு அச்சத்தையும் வெறுப்பையும் தர வேண்டும் என்பதே நியாயமான எதிர்பார்ப்பு. அன்று நிலாவெளிப் பக்கத்தில் வீட்டை இழந்த என் மச்சாள் அந்த மங்காவை இரவில் உறங்குமுன் கைத்தொலைபேசியில் வாசிக்கிறாள். கூட்டம் அவளை இழுக்கவில்லை; அவளைச் சூழ்ந்தவர்களில் அதன் பெயரை அறிந்தவர் எவரும் இல்லை. ஏன் என்று கேட்டேன், தெரியாது என்றாள். இதை இரசனை இல்லை என்று எதிரணித் தலைவர் சொல்வாரானால், அவள் நாலாம் வரிசையில்தான் இருக்கிறாள், நேராகவே சொல்லட்டும்.

இப்பொழுது சகோதரியின் தொல்காப்பியத்துக்கு வருவோம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று அவர் அழகாக ஒப்புவித்தார். நான் அவரைக் கேட்கிறேன்: சிஹிரோவின் ரயில் இந்த எட்டில் எது? நகையும் வெகுளியும் அல்ல என்பதில் நமக்குள் வழக்கில்லை. மருட்கை என்பீர்களானால், அதற்குத் தொல்காப்பியர் சொன்ன புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் எதை அந்த வெற்று இருக்கையில் வைப்பீர்கள்? சகோதரி எட்டோடு நிறுத்திக்கொண்டார், தொல்காப்பியர் நிறுத்தவில்லை. அவை ஒருபக்கம் இருக்க, என்று தொடங்கி அதே இயலில் வேறு முப்பத்திரண்டைச் சொல்கிறார். அவற்றுள் கனவு இருக்கிறது, நினைதல் இருக்கிறது, பெருமூச்சாகிய உயிர்ப்பு இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. அந்த எட்டும் அல்லாத இடத்தில் இவையும் உண்டு என்று சொல்லி முடிக்கிறார். எட்டுக்குள் அடங்காமல் மனத்தில் நிற்பவை உண்டென்று கண்டு அவற்றுக்கு இடம் விட்டவரைத்தான் சகோதரி எங்களுக்கு எதிரான சாட்சியாக அழைத்து வந்திருக்கிறார். அந்த இயலின் இறுதியிலோ, கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணரும் உணர்வு உடையவர்க்கே இந்நயங்கள் விளங்கும் என்கிறார். கண்ணைச் சொன்னார், செவியைச் சொன்னார். சகோதரி இவ்வளவு வலியுறுத்தும் வாயை அவர் சொல்லவில்லை.

எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். மேடைக்கு ஏறுமுன்னர் எங்களோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த ரயில் காட்சியைத் தாம் அடிக்கடி போட்டுப் பார்ப்பதாக அவரே சொன்னார். அவர் எழுந்ததும் அதற்கான காரணத்தை இந்த அவையில் சொல்லட்டும் என்று நடுவர் அவர்கள் ஆணையிட வேண்டும். அவர் சொல்லும் காரணம் தவறு என்று எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் நிறுவிவிட்டால், அந்தக் காட்சியைப் பார்ப்பதை அன்றோடு விட்டுவிடுவாரா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். மணி அடித்துவிட்டது, நன்றி, வணக்கம்.