உள்ளக் கமலம் என்றால் குளத்துத் தாமரை வேண்டாமா?

கிழக்கிலங்கைக் காரைதீவில் ஒரு வாசிகசாலைக் கூட்டத்தில் பேசியதை, பேச விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஐயாமாரே, அம்மாமாரே, பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம். துறவியும் தமிழறிஞருமான விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊரில் நின்றுகொண்டு அவருடைய பாட்டைப் பற்றிப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது, உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ‘வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ’ என்று தொடங்கி, அந்தப் பூவும் இல்லை இந்தப் பூவும் இல்லை, ‘உள்ளக் கமலமடி உத்தமனார் வேண்டுவது’ என்று முதல் பகுதி முடிகிற பாட்டு.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இதற்குக் கிடைத்த விளக்கம் ஒரே வரிதான்: வெளிப்பூசை வேண்டாம், மனப்பூசை போதும். பரீட்சையில் அப்படியே எழுதிப் புள்ளியும் வாங்கினேன். பிழையான விளக்கம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதோடு நிறுத்தினால் பாட்டில் பாதி கைநழுவிப் போய்விடுகிறது. பூ வேண்டாம் என்று சொல்ல வந்தவர் ஏன் திரும்பவும் பூவின் பெயரையே சொல்கிறார்? ‘உள்ளம்’ என்று மட்டும் சொல்லியிருக்கலாமே?

மற்ற இரண்டு பகுதிகளையும் பாருங்கள். மலர்ந்த தாமரையும் கழுநீரும் இல்லையாம், ‘கூப்பியகைக் காந்தளடி’ என்கிறார். கொன்றையும் கற்பகமும் இல்லையாம், ‘நாட்டவிழி நெய்தலடி’ என்கிறார். கொன்றை சிவனுக்கே உரிய பூ, அதைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு உப்பங்கழியில் நிற்கிற நெய்தலைக் கேட்கிறார்! நெஞ்சு தாமரை, கை காந்தள், கண் நெய்தல். சங்கப் பாட்டுப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் இன்னொன்றும் தெரியும்: தாமரை மருதத்துப் பூ, காந்தள் குறிஞ்சிப் பூ, நெய்தல் கடற்கரைப் பூ. வயலும் மலையும் கடலும் கும்பிடுகிற ஓர் ஆளின் உடம்புக்குள் வந்து நிற்கின்றன. இது என் வாசிப்புத்தான், ஆனால் இப்படி வாசித்த பிறகு என்னால் இந்தப் பாட்டை இயற்கையை ஒதுக்கிய பாட்டாகப் பார்க்க முடியவில்லை.

காந்தளில் கொஞ்சம் நிற்போம். நாங்கள் கார்த்திகைப் பூ என்று சொல்கிறோமே, மாரி மழையோடு வேலியில் படர்ந்து பூக்குமே, அதுதான். அதன் இதழ்கள் பின்னால் மடங்கி மேலே பார்த்து நிற்பதைக் கண்ணால் கண்டவருக்குத்தான் கூப்பிய கை ஏன் காந்தள் என்று விளங்கும். அப்புறம் இந்த உவமைக்கு ஒரு பழைய வீடும் இருக்கிறது. குறுந்தொகை 167ஆம் பாட்டில் ‘முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்’ என்று வருகிறது. புதிதாகக் குடும்பம் நடத்துகிற பெண், தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு புருசனுக்குப் புளிக்குழம்பு சமைக்கிறாள். அந்தக் குசினிக் கையைத்தான் அடிகள் சன்னிதிக்குக் கூட்டிவருகிறார் என்று எனக்குத் தோன்றும். உழைத்த கை கூப்பும்போதுதான் அது பூவாகிறது.

உருவகத்தை நிலத்திலிருந்து பிடுங்கி வாசிக்க முடியாது என்பதற்குத் தூரத்தில் போய்ச் சாட்சி தேடவேண்டியதில்லை, கண்ணகை அம்மன் குளிர்த்தி இருக்கிறது, கோபத்தில் கொதிக்கிற கண்ணகியைக் குளிரவைக்கிற சடங்கு. வைகாசியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், வயல் வட்டை காய்ந்து வெடிக்கும், அந்த நேரத்தில்தான் கோயிலில் கண்ணகி வழக்குரைக் கதையைப் படிக்கிறோம். மதுரையை எரித்தவளின் கோபமும் வெக்கை, அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோயும் வெக்கை, மழையில்லாத பூமியும் வெக்கை. மூன்றுக்கும் சேர்த்துத்தான் அவளைக் குளிரச் சொல்கிறோம். இதில் எது உவமை, எது உண்மை என்று பிரித்துக் கேட்டால் எங்கள் ஊர்க் கிழவிகளுக்குக் கேள்வியே விளங்காது. அப்பர் சுண்ணாம்புக் காளவாயில் இருந்து பாடினார் என்று சொல்கிற ‘மாசில் வீணையும்’ தேவாரமும் இதே கதைதான். மாலை நிலா, தென்றல், வண்டு மொய்க்கிற பொய்கை என்று ஈசன் அடிநிழலுக்கு அவர் சொன்ன ஒப்பு எல்லாம் இதமானவை. வெந்துகொண்டு இருப்பவனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும்.

சரி, கடைசியாக நெய்தல். ‘நாட்டம்’ என்றால் பார்வை, விருப்பம் என்றும் பொருள். நெய்தல் திணைக்கு உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கு உரிய உணர்வு, இரங்கல், அந்தப் பூவும் எப்போதும் தண்ணீரிலேயே நிற்பது. கலங்கின கண்ணுக்கு இதைவிடப் பொருந்துகிற பூ இருக்கிறதா?

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். குளிர்த்தி நடந்த இரவில் அம்மம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு சனத்துக்குள் நின்றேன். குளிர்த்தித் தண்ணீர் மேலே தெறித்ததும் எல்லாரும் ‘தாயே’ என்று கத்தினார்கள். அம்மம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், கண் நிறையத் தண்ணீரோடு அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றா. அடிகளின் பாட்டை அப்போது நான் படித்திருக்கவில்லை.