இங்க்ரிட் ஏன் சிரிக்கிறாள்? 'இங்க்ரிட் கோஸ் வெஸ்ட்' பட விளக்கம்

வணக்கம். கோலாலம்பூரிலிருந்து வழங்கும் இந்த விளக்கத்தில், மேட் ஸ்பைசர் இயக்கி 2017இல் வெளிவந்த 'இங்க்ரிட் கோஸ் வெஸ்ட்' படத்தை எடுத்துக்கொள்கிறோம். கதையின் முடிவையும் பேசவிருக்கிறோம். அதில் ஒரு தற்கொலை முயற்சி வருகிறது. மனம் தாளாதவர்கள் பெஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-76272929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம்.

[காட்சி: திருமண விருந்து]

அழைப்பில்லாத திருமணத்திற்குள் நுழைந்து, மணமகளின் முகத்தில் பெப்பர் ஸ்பிரே அடிக்கிறாள் ஆப்ரி பிளாசா நடித்திருக்கும் இங்க்ரிட். அந்த மணமகள் அவளுடைய தோழியே அல்ல. எப்போதோ இன்ஸ்டாகிராமில் அவளுடைய பதிவுக்குக் கருத்து எழுதியவள், அவ்வளவுதான். அந்த ஒற்றை வரியை உறவென்று பற்றிக்கொள்ளும் அளவுக்குத் தனிமை முற்றியதற்குப் படம் நீண்ட விளக்கம் தருவதில்லை. தாய் இறந்துவிட்டார், வேறு யாருமில்லை.

தாய் விட்டுச்சென்ற ஏறத்தாழ 60,000 டாலருடன் அவள் லாஸ் ஏஞ்சலிஸ் செல்கிறாள். இன்ஸ்டாகிராம் பிரபலமான டெய்லர் போகும் உணவகத்திலேயே சாப்பிட்டு, அவள் படிப்பதாகச் சொல்லும் புத்தகத்தையே வாங்கி, கடைசியில் அவளுடைய நாயைத் திருடி, 'கண்டுபிடித்ததாக' திருப்பிக் கொடுத்து நட்பைப் பெறுகிறாள். நாயைத் தவிர மற்றதெல்லாம் நமக்கும் பழக்கமானவையே. பத்துமலையின் 272 படிகளுக்கு 2018இல் வண்ணம் பூசிய பிறகு, அடுத்தவர் நின்ற அதே படியில், அதே கோணத்தில் நின்று படமெடுக்காதவர் நம்மில் எத்தனை பேர்? இங்க்ரிட் நமக்கு ஓர் அடி முன்னால் போகிறாள். சிரிப்பு அந்த ஓர் அடியில்தான் பிறக்கிறது. டெய்லரின் ஆளுமையும் இட்டுக்கட்டியதே என்பதை அவளுடைய கணவரே சொல்லிவிடுகிறார். போலியைப் போலி செய்யப் போனவளின் கதை இது என்பது அப்போதுதான் துலங்குகிறது.

[காட்சி: மருத்துவமனை]

பணம் தீர்ந்து, நட்பும் முறிந்த பின், கைப்பேசியில் விடைபெறும் காணொளியைப் பதிவேற்றிவிட்டு இங்க்ரிட் மாத்திரைகளை விழுங்குகிறாள். மலேசியாவில் 2023 வரை தற்கொலை முயற்சி தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. பிழைத்தவரைத் தேடிக் காவல்துறை வர இடமிருந்தது. படத்தில் அவளைத் தேடி வருபவர்களோ ரசிகர்கள். காணொளி பரவி, முகம் தெரியாதவர்கள் அவளுடைய பெயரில் ஹேஷ்டேக் போட்டு ஆறுதல் சொல்கிறார்கள், அவள் புன்னகைக்கிறாள். உயிரைக் காப்பாற்றிய, அவள் குடியிருந்த வீட்டின் உரிமையாளர் டான் பக்கத்திலேயே இருந்தும், அவளை நோயாளியாக்கிய அதே இணையக் கவனம்தான் மருந்தாகவும் வந்து சேர்கிறது. சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இதன் திரைக்கதைக்குக் கிடைத்த விருதை இந்த ஒரு முடிவுக்காகவே கொடுத்திருக்கலாம்.

நடுப்பகுதியை அப்படிப் பாராட்ட முடியவில்லை. டெய்லரின் சகோதரன் நிக்கி இங்க்ரிட்டின் கைப்பேசியைக் கண்டெடுத்து மிரட்டத் தொடங்கியதும், தனிமையைப் பற்றிய படம் சிறிது நேரம் சாதாரணக் குற்றக்கதையாகிவிடுகிறது. இங்க்ரிட்டுக்கு வெளியிலிருந்து ஒரு வில்லன் தேவைப்படவே இல்லை.