எல்லாம் செய்து முடித்த பிறகு: பிள்ளையார் நோன்பில் இருக்கும் நம்பிக்கை

[காட்சி: செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றின் முகப்பு. சாயங்கால வெளிச்சம்.]

வணக்கம். "எங்களால ஆனதைப் பண்ணிட்டோம், இனி ஆண்டவன் விட்ட வழி"ன்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிடுறார். அந்த நிமிஷத்துல கடவுளை நம்புறதுன்னா, நிஜமா என்ன பண்றது? இதுக்குச் செட்டிநாட்டுல ஒரு பதில் இருக்கு. அதுதான் பிள்ளையார் நோன்பு.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வீடுகள்ல வழிவழியா சொல்ற கதை இது. கடல் கடந்து வியாபாரத்துக்குப் போனவங்க கப்பல் புயல்ல மாட்டிக்குது. திசை தெரியல, கரை தெரியல. நடுக்கடல்லயே திருக்கார்த்திகை வந்து போகுது. பிள்ளையாரை வேண்டிக்கிட்டு, கட்டியிருந்த வேட்டியில இருந்து நாளைக்கு ஒரு நூலா உருவி வைக்கிறாங்க. 21ஆவது நாள், சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுற நேரத்துல கரை சேர்றாங்க.

இதுல என்னைப் பிடிச்சு நிறுத்துறது அந்த நூல்தான். கப்பலைத் திருப்ப அவங்களுக்கு வழி இல்ல. ஒரு நூலை உருவ வழி இருந்துச்சு. அதை ஒரு நாள்கூட விடல.

[காட்சி: வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) கோலம், ஆவாரம்பூ, விளக்கு.]

இன்னைக்கும் கார்த்திகைக்கு மறுநாள்ல இருந்து 21 நாள் கணக்கு. கடைசி நாள் 21 நூலையும் சேர்த்துத் திரிச்சுத் திரியாக்குவாங்க. பச்சரிசி மாவு, வெல்லம், நெய் சேர்த்துப் பிசைஞ்சு, பிள்ளையாராப் பிடிச்சு, அதுல திரியை வச்சு ஏத்துவாங்க. இதுக்கு இழைன்னு பேரு. வீட்டுப் பெரியவர் சுடரோட எடுத்துக் கையில தருவார். வாங்கினவங்க எரியுறதை அப்படியே வாயில போட்டுக்கணும்.

முதல் தடவை எடுக்கிற பிள்ளை கையைப் பின்னால இழுத்துக்கும். "ஐயா தர்றேன்ல, பயப்படாதே தம்பி. போட்டதும் வாயை மூடிரு"ம்பார் தாத்தா. வாயை மூடினதும் காத்து இல்லாம சுடர் அணைஞ்சுடும். நாக்குல வெல்லமும் நெய்யும்தான் மிஞ்சும். எதுவும் நடக்காத ஒரு நல்ல நாள்ல, அஞ்சு வயசுலயே, நம்பிக் கை நீட்டப் பழக்குறாங்க. மாசமா இருக்கிற பொண்ணு வயித்துப் பிள்ளைக்கும் சேர்த்து இன்னொரு இழை வாங்கிக்கும்.

ஆனா ஒண்ணு. கதையில கப்பல் கரை சேர்ந்துச்சு. வரலாறு எப்பவும் அப்படி முடியல.

[காட்சி: பழைய பர்மா வரைபடம்.]

1930கள்ல உலகப் பொருளாதாரப் பெருமந்தம். நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மா விவசாயிகளோட நிலம், அங்க கடன் குடுத்திருந்த செட்டியார்கள் கைக்கு வந்துச்சு. அந்தப் பத்தாண்டு முடியறப்போ கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல ஏறக்குறைய கால்வாசி நிலம். நிலத்தை இழந்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய துயரம்ங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். 1941 டிசம்பர் 23, ரங்கூன்ல ஜப்பான் குண்டு விழுந்துச்சு. 1942 மார்ச்ல ரங்கூனே விழுந்துச்சு. காடும் மலையும் தாண்டி, நடந்தே இந்தியாவுக்கு வந்த தமிழர்கள் ஏராளம். வழியிலேயே செத்தவங்களும் ஏராளம். 1948ல பர்மா சுதந்திரம் அடைஞ்ச பிறகு நிலம் தேசியமயமாச்சு. போனது போனதுதான்.

நிலத்தை இழந்த அந்தச் செட்டியார்களும் சாமிகிட்ட வேண்டிக்காம இருந்தவங்க இல்ல. போன ஊர்லயெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினவங்க. அதனாலதான், "வேண்டினா கேட்டது கிடைச்சுடும்"னு யாராவது சொன்னா என்னால ஒத்துக்க முடியறதில்லை. அது நொந்துபோனவங்களை இன்னும் நோகடிக்கும். கிடைக்கலைன்னா உன் பக்தி போதலைன்னு ஆயிடும். நிலம் திரும்பல, நோன்பு நிக்கல. இழை எடுக்கிறது லாபத்துக்கான பேரமா இருந்திருந்தா, அந்தக் கணக்கை அன்னைக்கே மூடியிருப்பாங்க.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் பக்கத்துல திருக்கோஷ்டியூர் இருக்கு. எட்டெழுத்து மந்திரத்தோட பொருளைக் கேட்க ராமானுஜர் ஸ்ரீரங்கத்துல இருந்து 18 தடவை அங்க வந்தார்னு வைணவ மரபு சொல்லுது. சரணாகதியைப் பத்தி அவ்வளவு பேசினவர், அத்தனை தடவை நடந்திருக்கார். அதனால, "எல்லாம் அவன் பார்த்துப்பான்"னு மருந்தை நிறுத்துறதுக்குச் சரணாகதின்னு பேர் வைக்காதீங்க. மருந்தைக் குடுங்க. பலன் நம்ம கையில இல்லன்னு விட்டுடுங்க.

[காட்சி: ஆஸ்பத்திரி வராந்தா, இரவு.]

ஐ.சி.யூ. வாசல்ல உட்கார்ந்து இதைப் பார்க்கிறவங்க இருப்பீங்க. முழுப் பாரத்தையும் இன்னைக்கு ராத்திரியே தூக்கணும்னு இல்ல. உங்களால முடியற ஒரு சின்னக் காரியத்தை மட்டும் செய்ங்க. முகம் கழுவி, தெரிஞ்ச ஒரு பதிகம் சொல்லுங்க. மனசு ஒட்டலையா, பேரை மட்டும் சொல்லுங்க. நாளைக்கும் அதையே செய்ங்க.

இன்னொண்ணும் உண்டு. இழையைத் தானா எடுத்துக்கிற வழக்கம் இல்ல, ஒருத்தர் எடுத்துத் தரணும். அதனால தனியா உட்கார்ந்திருக்காதீங்க. சித்தப்பாவோ அக்காவோ, யாரையாவது கூப்பிட்டு, "கொஞ்சம் கூட வந்து இருங்க"ன்னு கேளுங்க. அவங்க சாப்பாடு கொண்டு வந்தா, வேண்டாம்னு சொல்லாம சாப்பிடுங்க.