வெண்கலத்தைப் பார்த்துச் சிரித்த தம்பிக்கு

நடுவர் ஐயாவுக்கும், இரு அணிப் பேச்சாளர்களுக்கும், ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய பட்டிமன்றம் எட்டரைக்குத் தொடங்கியும் எழுந்து போகாத உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

‘வாள்வீச்சுக் களத்தில் வெற்றி தருவது கையின் வேகமா, மனத்தின் நிதானமா?’ இதுதான் தலைப்பு. நான் நிதானத்தின் பக்கம். எனக்குப் பின்னால் எங்கள் அணியில் இன்னொருவர் இருக்கிறார். வாதம், ஆதாரம் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். எனக்கு வேறொரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எதிரணித் தம்பி இப்போதுதான் இங்கே நின்று என்ன சொல்லிவிட்டுப் போனார்? “2012 லண்டன் ஒலிம்பிக், பெண்கள் ஃபாயில். மேடையில மூணு பேரும் இத்தாலிக்காரங்க. தங்கம் வாங்கின பொண்ணுக்கு இருபத்தொன்பது வயசு, வெள்ளி வாங்கின பொண்ணுக்கு இருபத்துநாலு. நிதானம், அனுபவம்னு அக்கா தூக்கிப் பிடிக்கிற அம்மாவுக்கு முப்பத்தெட்டு. வேகம் போச்சு, வெண்கலம் வந்துச்சு! நிதானத்துக்கு என்னிக்கும் மூணாவது பரிசுதான்!” நீங்களும் கைதட்டினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் அணிக்காரரே கைதட்டினார், அதையும் பார்த்தேன்.

சரி தம்பி. அந்த அம்மாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது. வாலென்டினா வெட்ஸாலி. சிட்னி 2000, ஏதென்ஸ் 2004, பெய்ஜிங் 2008 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து தனிநபர் தங்கம் வாங்கியவர். 2005 ஜூனில் பிள்ளை பெற்று, நாலே மாதத்தில் ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் உலக சாம்பியன் ஆனவர். வேகம் போய்விட்டதாம்!

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். ஃபாயில் என்பது மெல்லிய வாள். வெட்டக் கூடாது, முனையால் குத்தத்தான் வேண்டும். அதுவும் உடற்பகுதியில் மட்டும். கையில் பட்டாலும் காலில் பட்டாலும் வெள்ளை விளக்கு எரியும், புள்ளி கிடையாது. மார்பில் உலோக இழை போட்ட சட்டை. அதில் சரியாகக் குத்தினால் சிவப்போ பச்சையோ எரியும். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் எரிந்தால்? அங்கேதான் வேடிக்கை. வீட்டில் இரண்டு பிள்ளைகளும் அடித்துக்கொண்டு ஒன்றாக அழுதால் அம்மா என்ன கேட்பாள்? “முதல்ல யாருடா கையை ஓங்கினது?” ஃபாயில் ரெஃப்ரியும் அதையேதான் கேட்கிறார். யார் முதலில் தாக்கத் தொடங்கினார், அதை மற்றவர் தடுத்துவிட்டுத் திருப்பிக் குத்தினாரா என்று பார்த்துத்தான் புள்ளி. சும்மா வேகமாகப் போய் விழுந்தால் விளக்கு எரியும், புள்ளி அடுத்தவருக்குப் போகும். தம்பி, இதைக் குறித்துக்கொள்ளுங்கள், வேகமாக வேண்டாம்.

இப்போது லண்டனுக்கு வருவோம். 2012 ஜூலை 27 இரவு தொடக்க விழா. இத்தாலியின் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் இதே வெட்ஸாலிதான். மறுநாளே போட்டி! இங்கே காலையில் கல்யாணம் என்றால் முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே “போய்ப் படும்மா” என்று பெண்ணை விரட்டுகிறோம். அவர் கொடி பிடித்தார். பிடித்துவிட்டு மறுநாள் அரையிறுதி வரைக்கும் வந்தார். அரையிறுதியில் எதிரே நின்றது அந்த இருபத்துநாலு வயதுப் பெண், அரியான்னா எர்ரிகோ. 15-12. தோற்றார். நான்காவது தங்கம் போயிற்று.

வேறு யாராக இருந்தாலும் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள். வெண்கலத்துக்கு இன்னொரு ஆட்டம் ஆட வேண்டும். மூன்று தங்கம் வீட்டில் இருக்கிறவருக்கு வெண்கலம் எதற்கு? கேட்கிறேன், எதற்கு? ஆனாலும் வந்து நின்றார். எதிரே தென்கொரியாவின் நாம் ஹியூன் ஹீ. இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், திரும்பி வருவேன்.

ஒரு ஆட்டம் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்று. மொத்தம் ஒன்பது நிமிடம், அல்லது யார் முதலில் 15 புள்ளி எடுக்கிறாரோ அதுவரை. ஒன்பது நிமிடத்தில் எட்டரை நிமிடம் போய்விட்டது. புள்ளி என்ன? ஹியூன் ஹீ 12, வெட்ஸாலி 8. நாலு புள்ளி பின்னால்! கையில் அரை நிமிடம்கூட இல்லை. கொரியப் பெண் இனி குத்தவே வேண்டாம். பின்னால் போனால் போதும், விலகினால் போதும், கடிகாரம் ஜெயித்துக் கொடுத்துவிடும். நம் வீட்டு டிவியாக இருந்தால் இந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து சீரியலுக்கு மாற்றியிருப்போம்.

வெட்ஸாலி போனார். ஒரு குத்து. விளக்கு எரிந்தது. 9.

கடிகாரம் நின்றது. திரும்பி நடந்து வந்து தன் கோட்டில் நின்றார். இதைத்தான் தம்பி கவனிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் இருவரும் நாலு மீட்டர் தள்ளித் தங்கள் கோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். ரெஃப்ரி “தயாரா?” என்பார். பிறகுதான் மறுபடி. அந்த நடை இருக்கிறதே ஐயா, அங்கேதான் ஆட்டமே. மூச்சை வாங்க வேண்டும், எதிராளி அடுத்து என்ன செய்வாள் என்று யோசிக்க வேண்டும், “ஐயோ இன்னும் மூணு” என்று நெஞ்சு அடிப்பதை அடக்க வேண்டும்.

மறுபடி. ஒரு குத்து. 10. மறுபடி நடை, மறுபடி கோடு. 11! எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். இந்த இடம் வந்ததும் பெரியம்மா வெற்றிலையை மென்றுகொண்டே, “அந்தக் கொரியாக்காரி ஓடிரக் கூடாதாடி?” என்றார். ஓடலாம் பெரியம்மா, ஆனால் களத்தின் மொத்த நீளமே 14 மீட்டர்தான். அதற்கு அப்புறம் களமே இல்லை, பின்கோட்டைத் தாண்டினால் அதுவும் எதிராளிக்குப் புள்ளி.

மறுபடி. 12! பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! மணி அடித்தது. கூடுதலாக ஒரு நிமிடம், யார் முதலில் குத்துகிறாரோ அவருக்கே. குத்தியவர் முப்பத்தெட்டு வயது அம்மா. 13-12.

தம்பி முகத்தைப் பார்க்கிறேன். என்ன யோசிக்கிறார் என்று தெரிகிறது. “அரை நிமிஷத்துல நாலு பாயின்ட், அக்கா, அதுக்குப் பேரு வேகம்தானே?” தம்பி, வேகம்தான் காரணம் என்றால் அந்த வேகம் அதற்கு முந்தைய எட்டரை நிமிடம் எங்கே போயிருந்தது? வெளியே டீ குடிக்கப் போயிருந்ததா? கை அதே கைதான். தோற்றுக்கொண்டிருந்தபோதும் அதே கை, ஜெயித்தபோதும் அதே கை. கடைசி அரை நிமிடத்தில் கை நடுங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வேகமான இருபத்துநாலும் இருபத்தொன்பதும் தங்கத்துக்கு மோதினார்களே, எலிசா டி ஃபிரான்சிஸ்காவும் எர்ரிகோவும், அதன் புள்ளி என்ன தம்பி? சொல்லவில்லையே. 12-11. ஒன்பது நிமிடம் முழுதும் ஆடி, சமமாகி, கூடுதல் நிமிடத்தில் ஒரு குத்தில் முடிந்தது. இரண்டு மின்னல் மோதினால் பதினைந்து புள்ளி பறந்து வந்திருக்க வேண்டாமா? பார்த்துப் பார்த்துத்தான் ஆடினார்கள்.

2024 பாரிஸில் அமெரிக்காவின் லீ கீஃபர் 15-6 என்று இறுதி ஆட்டத்தை முடித்ததையும் தம்பி சொன்னார். அது வேகம்தான். அடுத்ததுக்குப் போகிறேன்.

வெட்ஸாலியின் ஊர் யேசி. இத்தாலியில் சின்ன ஊர். 1992 முதல் 2012 வரை ஆறு ஒலிம்பிக். பெண்கள் ஃபாயில் தனிநபர் தங்கம் ஐந்து முறை இந்த ஒரே ஊருக்குப் போனது. ஜியோவானா த்ரில்லினி ஒன்று, வெட்ஸாலி மூன்று, டி ஃபிரான்சிஸ்கா ஒன்று. ஏதென்ஸ் இறுதியில் எதிரெதிரே நின்ற இருவரும் யேசிக்காரர்களே. அந்த ஊரில் 1947இல் வாள்வீச்சு மன்றம் தொடங்கியவர் எட்ஸியோ த்ரிக்கோலி. அவர் வாள் பிடிக்கக் கற்றது எங்கே? இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, தென்னாப்பிரிக்காவில் போர்க்கைதி முகாமில்! முள்வேலிக்குள் இருப்பவருக்கு வேகம் எதற்கு ஐயா? வேகமாக ஓடினால் சுட்டுவிடுவார்கள். அங்கே கற்ற பாடம் நிதானமாகத்தானே இருக்கும்? கைதட்டுங்கள், இது நல்ல பாயின்ட், வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தேன்.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஐயா, இரண்டே நிமிடம். திரும்பி வருகிறேன் என்று ஒரு பெயர் சொன்னேனே.

நாம் ஹியூன் ஹீ. உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். எதிரே நிற்பவர் கை நீட்டினாலே இவர் மார்பில் வாள் படும். இவர் அடியெடுத்துப் பாய்ந்தால்தான் எதிராளியைத் தொட முடியும். 2008 பெய்ஜிங் இறுதி ஆட்டம். எதிரே இதே வெட்ஸாலி. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் ஹியூன் ஹீ 5-4 என்று முன்னால். தங்கம் கைக்கு எட்டிவிட்டது. மிச்சமிருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வெட்ஸாலி இரண்டு குத்து. 6-5. வெள்ளி. கொரியப் பெண்கள் வாள்வீச்சில் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவர் வாழ்நாளில் எத்தனை முறை அந்த ஒரு குத்தை நினைத்திருப்பார்!

நாலு வருடம் கழித்து லண்டன். அரையிறுதியில் டி ஃபிரான்சிஸ்காவிடம் 11-10. ஒரே ஒரு புள்ளி. அதே நாள், வெண்கல ஆட்டத்தில் நான் கதையாக அளந்தேனே, 13-12. அதுவும் ஒரு புள்ளி. மூன்று ஆட்டம், மூன்றே புள்ளி. நான் 9, 10, 11 என்று எண்ணும்போது நீங்கள் எல்லாம் விசில் அடித்தீர்கள். எதிர்க்கோட்டில் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணும்தானே திரும்பி நடந்து போய் நின்றிருப்பாள்? அவளுக்கு வேகம் இல்லையா? இருந்தது. நிதானம் இல்லையா? எட்டரை நிமிடம் வெட்ஸாலியையே அடக்கி வைத்தவள் ஐயா. எனக்கு இப்போது எந்த அணியில் பேசுகிறேன் என்பதே மறந்துபோகிறது.

அதே வாரத்தில் அணிப் போட்டிக்கு வந்து நின்றாள். கொரியாவுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்தாள். ஆமாம் தம்பி, நீங்கள் சிரித்தீர்களே, அதே வெண்கலம். அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை. அதற்கும் அடுத்த வருடம், 2014இல், சொந்த நாட்டில் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு. கைக்குழந்தையை விட்டுவிட்டு மறுபடி முகமூடி மாட்டிக்கொண்டு வந்தாள். தனிநபரில் வெண்கலம், அணியில் தங்கம். அன்றைக்கு அந்த வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டது யாரோ, அவர்களுக்கும் ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. இங்கே முன்வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். மகள் வேலைக்குப் போக, நீங்கள் தூங்காத இரவுகள் எத்தனை!

நடுவர் ஐயா, தீர்ப்பை உங்கள் விருப்பப்படி சொல்லுங்கள். வேகத்துக்கே கொடுத்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன். அந்தக் கொரியப் பெண்ணுக்கு ஒரே ஒரு முறை இந்த அரங்கம் எழுந்து நின்று கைதட்டட்டும். தம்பி, நீங்களும் எழுந்திருங்கள். நன்றி, வணக்கம்.